குமரிமுனைக்குப் போன வழிகள்

நம் குடியிருப்பில் கன்னியாகுமரி பார்க்காதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். இரவு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் திருச்சியில் ஏறிப் படுத்தால் விடியும் நேரத்தில் கடைசி ஸ்டேஷன். ஆட்டோ பிடித்து லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டுச் சூரிய உதயம், பிறகு படகுக்கு வரிசை, விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, அம்மன் கோயில், காந்தி மண்டபம், சங்குக் கடை, ஏழு வண்ண மணல் பாக்கெட், சாயங்காலம் அஸ்தமனம். மறுநாள் வீட்டில் இருப்போம். நான் வங்கியில் எல்.டி.சி. பில்களைச் சரிபார்த்த காலத்தில் வருடத்துக்குப் பத்துப் பேராவது இதே கணக்கைத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

இந்தப் பயணத்தில் ஒரு குறை உண்டு. ஊரின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். கன்னியாகுமரிக்கு முன்னால் கடல் என்றால், முதுகுக்குப் பின்னால் மலை. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கேதான் இறங்கி முடிகிறது. மகேந்திரகிரி, ஆரல்வாய்மொழிக் கணவாய், கடைசிக் குன்றாக மருந்துவாழ்மலை. அனுமார் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று அதைச் சொல்வார்கள். மூலிகைக்குப் பேர் போனது. ஸ்ரீ நாராயண குரு தவம் செய்த குகை அங்கே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை நாம் தூக்கத்தில் தாண்டிவிடுவதால் மலை இருப்பதே பலருக்கு நினைவில்லை. ஆனால் அந்த ஊரின் சரித்திரத்தில் பாதி அந்த மலையின் கதைதான். யார் கடல் வரை வரலாம், யார் வரக்கூடாது என்பதைப் பல காலம் மலையும் அதன் வாசலும் முடிவு செய்தன. மலை விட்டாலும் மனிதன் விடாத காலமும் இருந்தது. இன்று யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துப் போகலாம் என்பது நாம் நினைப்பதைவிட மிகச் சமீபத்திய ஏற்பாடு.

போகிறவர்கள் மட்டும் ஆதி காலத்திலிருந்தே இருந்திருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் கிரேக்க மொழியில் ஒரு மாலுமி எழுதி வைத்த ‘பெரிப்ளஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பில் ‘கொமரி’ என்ற முனை வருகிறது. மீதி வாழ்நாளைத் துறவில் கழிக்க விரும்பும் ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடித் தங்குகிறார்கள் என்றும், ஒரு தேவி அங்கே நீராடியதாக ஐதீகம் என்றும் அதில் இருக்கிறது. மிளகு ஏற்ற வந்த கப்பல்காரன் வியாபாரக் கணக்கோடு இதையும் எழுதி வைத்திருக்கிறான். தாலமியும் மார்க்கோ போலோவும் இந்த முனையின் பெயரைக் குறித்திருக்கிறார்கள்.

திருச்சிக்காரர்களான நமக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. மலைக்கோட்டை அடிவாரத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிற தர்பார் மண்டபத்தை நாம் ராணி மங்கம்மாள் மகால் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். சொக்கநாத நாயக்கர் காலத்தில் மதுரை நாயக்கர்களின் தலைநகர் திருச்சிக்கு வந்தது. அவருடைய மனைவி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை பேரனுக்காக இங்கிருந்துதான் ஆட்சி செய்தார். சாலை போட்டது, மரம் நட்டது, சத்திரம் கட்டியது என்று அந்த அம்மாள் பெயரில் நிற்கும் காரியங்கள் நிறைய. மதுரையிலிருந்து குமரி வரை போன பழைய பாதைக்குத் தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்றுதான் பெயர். முழுப் பாதையும் அவர் போட்டதுதானா என்று சரித்திரக்காரர்கள் விவாதிக்கட்டும். சாலைக்கு ஒருவர் பெயரை முந்நூறு வருஷம் ஜனங்கள் மறக்காமல் வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அதே மங்கம்மாள், திருவிதாங்கூர் கப்பம் கட்டவில்லை என்று தளவாய் நரசப்பையாவின் தலைமையில் படையையும் அனுப்பினார். யாத்ரீகர்களும் சிப்பாய்களும் நடந்தது ஒரே கணவாய் வழியில்தான்.

அந்தக் கணவாயை அடைத்துக் கட்டியதுதான் அடுத்த நூற்றாண்டின் கதை. 1741 ஆகஸ்ட் 10-ஆம் தேதி குளச்சல் சண்டையில் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரியைக் கொல்லாமல் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார். பிடித்த எதிரிக்கே வேலை போட்டுக் கொடுத்த இந்த ஏற்பாடு திருவிதாங்கூருக்கு நன்றாகவே பலித்தது. டிலனாய் கோட்டைகளைப் பலப்படுத்தினார். கன்னியாகுமரியிலிருந்து 6, 7 கிலோமீட்டரில் கடலை ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டை அவர் கைவண்ணம். 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. பிறகு வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்தபோது, 1809 பிப்ரவரி 10 அன்று கர்னல் செயின்ட் லெகரின் கும்பினிப் படை ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தது. வாசல் போனபின் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாய் விழுந்தன. அந்த இடத்தில் இப்போது காற்றாலைகள் சுற்றுகின்றன.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதிக்கு வருகிறேன். அரசர்களும் துரைமார்களும் காற்று வாங்க வந்து தங்கிய அந்தக் கடற்கரை ஊரில், அந்த மண்ணிலேயே பிறந்தவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்குள் போக முடியாது. கோயிலைச் சுற்றிய தெருவில்கூட நடக்க முடியாத இடங்கள் இருந்தன. பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து நடந்த தோள்சீலைப் போராட்டம் 1822-இல் தொடங்கி, 1859 ஜூலை 26-இல் அரச ஆணை வரும் வரை நீண்டது. முப்பத்தேழு வருஷம். ஒரு பெண் குழந்தை பிறந்து, வளர்ந்து, பாட்டியாகிவிடும் காலம்.

கன்னியாகுமரி – நாகர்கோவில் சாலைக்குப் பக்கத்தில் சாமிதோப்பு என்று ஒரு ஊர் இருக்கிறது. அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி அங்கேதான். 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த அவர், தீண்டாமையைத் தாண்ட எல்லா ஜாதியாரும் ஒன்றாய் நீர் எடுத்துக் குளிக்க ஒரே கிணற்றை ஏற்படுத்தினார். முத்திரிக்கிணறு என்று பெயர். தலைப்பாகை கட்ட உரிமை இல்லாதவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார். திருவிதாங்கூர் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. இன்றும் அங்கே ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள், கண்ணாடியின் முன் நின்று கும்பிடுகிறார்கள். கன்னியாகுமரிக்கு நாலு முறை போனவர்கள்கூட இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக் கேட்டதில்லை. முக்கிய சாலையிலிருந்து உள்ளே திரும்ப அதிக நேரம் ஆகாது.

அடுத்தது சுசீந்திரம். கன்னியாகுமரியிலிருந்து 13 கிலோமீட்டர். தாணுமாலயன் கோயில், ஏழு நிலைக் கோபுரம், தட்டினால் ஸ்வரம் எழும் கல் தூண்கள், பெரிய ஆஞ்சநேயர் என்று எல்லோரும் பார்க்கிறோம். குமரியம்மனுக்கும் சுசீந்திரத்து ஈசனுக்கும் நடக்க இருந்த கல்யாணம் தடைப்பட்டு, சமைக்காமல் போன அரிசிதான் மணலானது என்ற கதையையும் வழிகாட்டிகள் சொல்வார்கள். அந்தக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இலும் மறுபடி 1930-இலும் சத்தியாக்கிரகம் நடந்ததை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. வைக்கம் தெரிந்த அளவு நமக்குச் சுசீந்திரம் தெரியவில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

வைக்கம் விஷயமாக 1925 மார்ச்சில் திருவிதாங்கூர் வந்த காந்தி கன்னியாகுமரிக்கும் வந்தார். சீமைக்குப் போய் வந்தவர் என்ற காரணத்தால் அம்மன் சந்நிதிக்குள் அவரை விடவில்லை. கப்பல் ஏறிய பாவம் காந்திக்கே ஒட்டியது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பிறகு 1936 நவம்பர் 12-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அரசின் கோயில்கள் இந்துக்கள் எல்லோருக்கும் திறந்தன. 1937 ஜனவரியில் காந்தி மறுபடி வந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வெளியே நின்றவர் இம்முறை கதவு திறந்த கோயில்களைப் பார்த்துக்கொண்டே திருவிதாங்கூர் முழுக்கச் சுற்றினார்.

இதை நம் ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் முன்நின்று ஆலயப் பிரவேசம் நடத்தியது 1939 ஜூலை 8. சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் வந்தது 1947-இல். மன்னராட்சி என்று நாம் குறைத்துப் பேசும் திருவிதாங்கூர் இந்த விஷயத்தில் நமக்குப் பதினொரு வருஷம் முந்திக்கொண்டது. ஆனால் மகாராஜா மனமிரங்கிக் கொடுத்த வரம் என்று மட்டும் அதை எழுதினால், சாமிதோப்புக் கிணற்றையும் சுசீந்திரத் தெருவையும் கணக்கில் விட்டுவிட்டோம் என்று பொருள்.

1948 பிப்ரவரி 12-ஆம் தேதி காந்தியின் அஸ்தி இந்த முக்கடலில் கரைக்கப்பட்டது. அதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில்தான் 1956-இல் காந்தி மண்டபம் எழுந்தது. அக்டோபர் 2 மத்தியானம் கூரைத் துளை வழியே சூரிய ஒளி அந்த மேடையில் விழும். நடுக் கோபுரத்தின் உயரம் அவருடைய வயதுக்கு ஏற்ப 79 அடி. வெளியே நிறுத்தி வைத்த கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இந்த மண்டபம் இருக்கிறது. கோயிலுக்கும் மண்டபத்துக்கும் ஒரே காலையில் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு 1925 நினைவுக்கு வரும்?

மண்டபம் எழுந்த அதே 1956-இல் இன்னொரு பெரிய மாற்றம். அதுவரை இந்த ஊர் சென்னை ராஜ்யத்திலேயே இல்லை. இந்தியா சுதந்திரம் அடைந்த பின்னும் கன்னியாகுமரி திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணி தலைமையில் தமிழர் வாழும் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கக் கேட்டுப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் இந்தப் பக்கம் வந்தன, செங்கோட்டையும் வந்தது. பாகப்பிரிவினையில் சில சாமான்கள் அந்தப் பக்கக் கணக்கிலேயே நின்றுவிட்டன. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. கன்னியாகுமரியிலேயே கேரளா ஹவுஸ் கேரள அரசின் விருந்தினர் மாளிகையாக நடக்கிறது.

பாறைக் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1892 டிசம்பர் கடைசி வாரம் விவேகானந்தர் அங்கே வந்து தியானத்தில் இருந்தார். எழுபது வருஷம் கழித்து நூற்றாண்டு விழாவை ஒட்டி நினைவுச்சின்னப் பேச்சு எழுந்தபோது, பாறை யாருடையது என்று உள்ளூரில் மீனவக் கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய மனஸ்தாபம். ஏக்நாத் ரானடே பொறுப்பெடுத்து, 323 நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கினார். அப்புறம் பணம். ஜனங்களிடம் ஒரு ரூபாய், ஒரு ரூபாயாக வசூலித்தார். வங்கியில் இருந்தவனுக்கு இதன் அருமை தெரியும். ஒரு ரூபாய் வரவுக்கும் ஒரு லட்ச ரூபாய் வரவுக்கும் எழுதுகிற வேலை ஒன்றுதான். 1970 செப்டம்பர் 2 அன்று ஜனாதிபதி வி.வி. கிரி நினைவு மண்டபத்தைத் திறந்து வைத்தார்.

பாறை திறந்தும் ரயில் வரவில்லை. நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் திருநெல்வேலி வரை வண்டியில் போய், அங்கிருந்து பஸ்ஸில் ஆரல்வாய்மொழி வழியாகப் போனார்கள். மலையை எல்லோரும் கண்ணால் பார்த்த காலம் அது. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதை 1979 ஏப்ரல் 15-இலும், திருநெல்வேலி – நாகர்கோவில் பாதை 1981 ஏப்ரல் 8-இலும் திறந்தன. மங்கம்மாள் சாலைக்கும் இந்தத் தண்டவாளத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட 280 வருஷம்.

வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. கணபதி ஸ்தபதி அமைத்தது. பீடம் 38 அடி அறத்துப்பால், சிலை 95 அடி பொருளும் இன்பமும், சேர்ந்து 133 அதிகாரம். ஐந்து வருஷத்துக்குள் அதற்குப் பரீட்சை வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை, சுனாமி. சிலை நின்றது. பாறைக்குப் போயிருந்த நூற்றுக்கணக்கானோர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். உள்ளூர் மீனவர்கள் படகு எடுத்துப் போய்க் கரை சேர்த்தார்கள். அதே காலையில் அதே மாவட்டத்தில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் மீனவக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாய் அழிந்திருந்தன. மணக்குடிப் பாலமே அடித்துக்கொண்டு போய்விட்டது. பாறை யாருடையது என்ற பழைய சண்டையை யாரும் அன்று எடுக்கவில்லை. நாம் சங்கு வாங்குகிற கடற்கரைக்குப் பின்னால் அலங்கார உபகார மாதா கோயிலைச் சுற்றி இருக்கும் தெருக்கள் அந்த மீனவர்களின் தெருக்கள். அவர்கள் இல்லாமல் கன்னியாகுமரி என்ற ஊர் இல்லை, டூரிஸ்ட் ஸ்பாட் வேண்டுமானால் இருக்கும்.

இப்போது சிலைக்கும் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்திருக்கிறது. 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். சிலைப் பக்கம் படகு அணைய முடியாமல் பல நாள் திரும்பிய தொல்லை தீர்ந்தது. முழங்கால் வலிக்காரர்களுக்கு என் அபிப்பிராயம்: பாலத்தில் நடக்கலாம், படகில் ஏறி இறங்குவதுதான் கஷ்டம். கூடவே கை பிடிக்க ஒருவர் வேண்டும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். நூற்றெட்டில் முதலாவதை வாசலிலேயே வைத்துக்கொண்டிருக்கும் நாம், மலைநாட்டுத் திவ்யதேசங்களில் இரண்டு இந்த மாவட்டத்திலேயே இருப்பதை மறந்துவிட்டுக் கன்னியாகுமரியிலிருந்து திரும்பிவிடுகிறோம். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் திருப்பதிசாரம், திருவாழ்மார்பன் சந்நிதி. நம்மாழ்வாரின் தாயார் உடையநங்கை பிறந்த ஊர். இன்னொன்று திருவட்டாறு. கோதையாறும் பரளியாறும் சுற்றி ஓட, ஆதிகேசவப் பெருமாள் மேற்கு நோக்கிச் சயனித்திருக்கிறார். ஒரே வாசலில் முழுவதும் சேவிக்க முடியாது, மூன்று வாசல்களில் பார்க்க வேண்டும். நம் பெரிய பெருமாள் தெற்கே பார்க்கிறவர், இவர் கடல் இருக்கும் திசையைப் பார்க்கிறவர். 418 வருஷங்களுக்குப் பிறகு 2022 ஜூலை 6-ஆம் தேதி அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. அந்தப் பகுதியின் வயல்களுக்குத் தண்ணீர் தரும் பேச்சிப்பாறை அணையும் மலைப்பக்கத்தில்தான் இருக்கிறது. 1897-இல் ஆரம்பித்து 1906-இல் முடித்தார்கள். நாஞ்சில் நாட்டு நெல் அந்த மலைத் தண்ணீரில் விளைவது. சாத்தாரவீதிப் பூச்சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தோவாளைப் பூச்சந்தையும் பிடிக்கும். விடியற்காலையில் போக வேண்டும்.

ஆக, ஒரு நாள் போதாது, இரண்டு ராத்திரி தங்க வேண்டும். முதல் நாள் கடல், இரண்டாம் நாள் வட்டக்கோட்டை, சாமிதோப்பு, சுசீந்திரம், திருப்பதிசாரம். வட்டக்கோட்டை மதில்மேல் ஏறினால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலையும் ஒருசேரத் தெரியும். திருவட்டாறும் பத்மநாபபுரமும் சேர்த்தால் இன்னொரு அரை நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள், அதைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும்.

போவதற்கு இரவு வண்டி வேண்டாம். காலையில் திருச்சி ஜங்ஷனிலிருந்து திருவனந்தபுரம் இன்டர்சிட்டி இருக்கிறது. நாகர்கோவிலில் இறங்கிப் பஸ்ஸில் 20 கிலோமீட்டர். மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொள்ளுங்கள். திருநெல்வேலி தாண்டியதும் மலை வலப்பக்கம் வரும், ஆரல்வாய்மொழியில் இரண்டு பக்கமும் நெருங்கும். டிக்கெட் போடும்போதே வலப்பக்கம் ஜன்னல் சீட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.